போற்றுதலும் நீர் ஊற்றுதலும்

மரத்தை வணங்குதல் அறியாமைக் காலத்து வழக்கம் என்று எள்ளுவோர் ஒருசாரார். அரசமரம் இரவும் பகலும் ஒட்சிசனை வெளிவிடுகின்றது, அதனை அறிந்தே நம் முன்னோர் அதனை வலம் வந்தனர் என்று கூறி, மரவழிபாட்டிற்கு விஞ்ஞானத்தினிடமிருந்து நற்சான்றுப் பத்திரம் பெற்றுத்தர முயல்வோர் மற்றொரு சாரார். முன்னவர் பார்வை குறுகியது. பின்னவர் பரிவு பொருந்தாதது. ஒளியில்லாதவிடத்து ஒளித்தொகுப்பு நிகழாதென்பதையும், இரவில் அரசும் ஏனைய மரங்களைப் போலவே ஒட்சிசனை உட்கொண்டு சுவாசிக்கின்றது என்பதையும் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். பொய்யான முட்டுக்கால் கொடுத்து நிறுத்தவேண்டிய நிலையில் நம் வழிபாடு இல்லை. இவ்விரு சாராரும் கேளாது விட்ட வினா ஒன்றுண்டு: வணங்கப்பட்ட மரத்திற்கு வணங்கியவர் செய்த தொண்டு யாது? அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்ச் சொற்களே இதற்கு முதல் விடை தருகின்றன. போற்றுதல் என்னுஞ் சொல் துதித்தலையும் குறிக்கும். பாதுகாத்து வளர்த்தலையும் குறிக்கும். பேணுதல் என்னுஞ் சொல்லும் அத்தகையதே. தெய்வத்தைப் பேணுதல் வழிபடுதலாம். குழந்தையைப் பேணுதல் பசியறிந்து ஊட்டுதலாம். வணக்கம் ஒருவர் பணி, பராமரிப்பு மற்றொருவர் பணி என்று பிரித்து வைக்கும் எண்ணம் இச்சொற்களை வழங்கியவர்க்கு இருந்ததாகத் தோன்றவில்லை. மரத்தைப் பொறுத்தவரையில் இஃது எத்துணை உண்மை என்பதை இனிக் காண்போம்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்தவிடத்து, புல்லையும் மரத்தையும் உற்றறியும் ஓரறிவுயிர்களென முதற்கண் வைத்தார். அஃதாவது, மரம் சடப்பொருளன்று. தன்மேற் படுவதை அறிவது. மக்கள் நிற்கும் அதே வரிசையில், கீழ்ப்படியில் நிற்பது. அவரே புறத்தே காழ்ப்புடையன புல்லென்றும், அகத்தே காழ்ப்புடையன மரமென்றும் இலக்கணம் வகுத்தார். காழ்ப்பென்பது நாம் வைரமென வழங்குவது. பனையின் வைரம் புறத்தே உள்ளது, உள்ளீடு மென்மையானது. ஆகவே தொல்காப்பியர் கணக்கிற் பனை புல்லினத்தைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தார் ஒருவரிடம் பனை மரமன்று, புல் என்று சொல்லிப் பார்த்தால் அவர் முகம் போகும் போக்கைக் காணலாம்! ஆயினும் இற்றைத் தாவரவியலாரும் நெல்லும் மூங்கிலும் அடங்கிய ஒருவித்திலைத் தாவரப் பெரும்பிரிவிலேயே பனையையும் வைத்துள்ளனர். நம் பாடநூல்களில், நீரை மேலே கொண்டு செல்லும் இழையத்திற்குக் காழ் என்று பெயரிட்ட அறிஞர் பழஞ்சொல்லைப் புதுப்பணிக்கு அமர்த்தினர் என்க.

வடமொழியிலே, மகாபாரதத்துச் சாந்தி பருவத்தில், பிருகு முனிவர் பரத்துவாசருக்கு மரங்களின் புலனறிவை விளக்கும் பகுதியொன்று உண்டு. அசையாது நிற்கும் மரத்தினிடத்து ஐம்பூதங்கள் எங்ஙனம் பொருந்தும் என்பது பரத்துவாசர் ஐயம். வெப்பத்தால் இலை வாடுதலின் ஊறு உண்டு. இடியோசையாற் பூவும் காயும் உதிர்தலின் கேள்வி உண்டு. கொடி தன் வழி தேடிச் சென்று பற்றுதலின் காட்சி உண்டு. நறும்புகையால் நோய் நீங்கிப் பூத்தலின் மோப்பம் உண்டு. வேரால் நீர் பருகுதலின் சுவை உண்டு. வெட்டுண்டவிடம் மீண்டுந் தளிர்த்தலின் உயிர் உண்டு என்பது பிருகுவின் விடை. சகதீச சந்திர போசு 1901 ஆம் ஆண்டு இலண்டன் இறாயல் சங்கத்தார் முன்னிலையிலே தாவரங்களின் துலங்கலைக் கருவிகொண்டு காட்டியதையும் இதனையும் ஒன்றெனக் கூறி மார்தட்டுதல் முறையன்று. போசு அளந்து காட்டினார். பிருகு பார்த்துக் கருதினார். அவர் கருதியவற்றுட் சில இன்று நில்லா. எனினும் இலை வாடும் வேளையையும், கொடி திரும்புந் திசையையும், தழும்பிலே தளிர் வருவதையும் குறித்து வைத்தவர் மரத்தடியில் நெடுநாள் இருந்தவர் என்பதில் ஐயமில்லை.

சங்கச் செய்யுள்களுக்கு வருவோமாயின், நற்றிணையிலே நெய்தனிலத்துத் தோழியொருத்தியின் கூற்று நினைவுக்கு வரும். சிறுமியராய் மணலில் விளையாடிய காலத்தில் ஒரு புன்னை விதையைப் புதைத்து மறந்துவிட்டனர்; அது முளைத்தது; நெய்யும் பாலும் பெய்து வளர்த்தனர்; அன்னையோ, இம்மரம் உங்களுக்கு உடன்பிறந்தாள், உங்களினுஞ் சிறந்தாள் என்று சொல்லி வைத்தாள். ஆதலின் அதன் நிழலில் நின்று காதலனோடு நகையாட நாணுகின்றோம் என்கின்றாள் தோழி. காதலனை வேறிடம் நோக்கி நகர்த்தும் அகப்பொருட் குறிப்பு அதில் இருப்பது உண்மையே. ஆயினும் அக்குறிப்பு எடுபட வேண்டுமாயின், மரத்தை உடன்பிறந்தாளென்று கூறுதலைக் கேட்போர் ஏற்குஞ் சமுதாயம் ஒன்று இருந்திருத்தல் வேண்டுமன்றோ? நீர் ஊற்றி வளர்த்ததனாலேயே அம்மரம் உறவாயிற்று. வணக்கத்தின் வித்து அங்கேதான் உள்ளது.

மன்னர்க்குக் காவன்மரங்கள் இருந்தன. பகைவன் அதனை வெட்டுதல் நாட்டைக் கொள்ளுதற்கு ஒப்பு. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடையிருந்த பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்துகொண்டதும், செங்குட்டுவன் மோகூர்ப் பழையனது வேம்பை வீழ்த்தியதும் பதிற்றுப்பத்தால் அறியப்படுவன. இவ்வழக்கின் கொடிய பக்கத்தையும் மறைத்தலாகாது. நன்னனது காவன் மாமரத்துக் காயொன்று நீரில் மிதந்து வர, அதனை அறியாது உண்ட பெண்ணொருத்திக்கு அவன் கொலைத் தண்டம் விதித்தான். அவள் நிறைக்குப் பொற்பாவையும் 81 யானைகளும் தருவதாகச் சுற்றத்தார் கூறியும் அவன் கேட்டிலன். பரணர் அவனை நரகுக்குரியவனென்றே பாடிவைத்தார். அம்மாமரமும் பின்னர்க் கோசரால் வெட்டுண்டது. மரத்தின் தூய்மையைக் காரணமாக்கி மனிதரை வதைத்தவனைத் தமிழ்ப் புலவர் பொறுத்திலர் என்பதைக் குறித்துக் கொள்ளல் வேண்டும். பிற்காலத்தும், மரத்தடிக் கோயில் இன்னார்க்கே உரியது என்று வேலியிட்டவர் நம்மிடையே இருந்தனர்.

அரசனது மரம் இவ்வாறாக, ஊரவர் கூடும் மன்றத்து மரமே தெய்வத்தின் முதல் இருப்பிடமாயிற்று. சிவபெருமானுக்கு ஆலமர் கடவுள் என்பது சங்ககாலத்துப் பெயர். முருகன் உறையுமிடங்களை அடுக்கிக் கூறும் திருமுருகாற்றுப்படை, மன்றத்தையும் பொதியிலையும் கந்துடை நிலையையும் புதுப்பூங் கடம்பையும் அவற்றுள் வைத்து எண்ணுகின்றது. கருங்கற் கோயில்கள் பின்னர் எழுந்தவை. கோயில் எழுந்தபோது மரத்தை அப்புறப்படுத்தாது, அதனைச் சுற்றி மதில் எடுத்தனர். அதுவே தலமரம், வடமொழியில் தலவிருட்சம்.

தேவாரத் தலப்பெயர்கள் பலவற்றை மரங்களின் இடாப்பு என்றே கூறலாம். திருவாலங்காடு, திருவேற்காடு, திருநெல்லிக்கா, திருப்பனந்தாள் என்பன சில. மதுரை கடம்பவனம், காஞ்சியின் ஏகாம்பரம் ஒற்றை மா எனப் பொருள்படும் ஏகாம்பிரத்தின் திரிபு, திருவானைக்காவில் வெண்ணாவல். தில்லையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். தில்லை என்பது உவர்நிலத்துச் சதுப்பில் வளரும் மரம். அதன் பால் கண்ணிற் பட்டாற் பெருந்துன்பம் விளைக்கும். நிழலுக்கென்றோ கனிக்கென்றோ எவரும் அதனை நாடார். அத்தகைய மரத்தின் பெயரையே சைவ உலகம் தன் தலையாய தலத்திற்குச் சூட்டி, கோயில் என்றாலே அஃது எனப் போற்றியது. பயனுடைய மரங்களையே மக்கள் தெய்வமாக்கினர் என்று எழுதுவோர் தில்லையை எங்கே வைப்பர்? இன்று சிதம்பரத்துக் கோயிலைச் சூழத் தில்லைவனம் இல்லை. கிழக்கே கடலோரத்தில், பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் அம்மரத்தைக் காணலாம்.

நம் நாட்டிலே தேவாரம் பெற்ற இரு தலங்களுள் திருக்கேதீச்சரத்திற்கு வன்னியும் திருக்கோணேச்சரத்திற்குக் கல்லாலும் தலமரங்களாகச் சொல்லப்படுகின்றன. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள மண்டூர், தில்லை மண்டூர் என்றே வழங்கும். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியின் தொடக்கம் ஆற்றங்கரைப் பூவரசின் நிழலில் வைத்து வணங்கிய வேல் என்பது மரபு. மானிப்பாயில் மருதடி விநாயகர் உளர். ஆலடி, அரசடி, புளியடி, நாவலடி, இலுப்பையடி என்று குடாநாட்டின் ஒழுங்கைகளெல்லாம் ஒவ்வொரு மரத்தடியில் முடிகின்றன. அவ்வடிகளிற் பல இன்று பெயரளவிலேயே உள்ளன. புளியடிச் சந்தியிற் புளியைக் காணோம். ஆகமக் கோயில்களுக்கு அப்பால், ஒரு சூலத்தை வேம்பின் அடியில் நாட்டி வைரவர் என்று விளக்கேற்றும் குடும்பங்கள் எத்தனை! அவ்விடத்து மரமே விமானம், மரமே மண்டபம்.

அரசமரத்தைப் பற்றிய நெடிய வரலாறு நம் கரையோடு தொடர்புடையது. கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் தேவநம்பிய தீசன் காலத்தில் சங்கமித்தை கொணர்ந்த போதிக்கிளை சம்புகோளத் துறையில் இறங்கியதென மகாவமிசம் கூறும். அத்துறையை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், மாதகலை அடுத்த சம்புத்துறையென அறிஞர் கொள்வர். அநுராதபுரம் செல்லும் வழியிலே திவக்கன் என்னும் பிராமணனது ஊரில் அக்கிளை தங்கியதென்றும், பின்னர் அதனின்று தோன்றிய முதற் கன்றுகள் எட்டனுள் ஒன்று சம்புகோளத்திலும் ஒன்று அப்பிராமணனது ஊரிலும் நடப்பட்டன என்றும் அந்நூலே கூறும். சமயங்கள் தம்முட் பிணங்கிய காலங்களிலும் அரசு இருசாரார்க்கும் அரசே. அநுராதபுரத்து மரம் 2,200 ஆண்டுகளுக்கு மேலாக நிற்பதற்கு வணக்கம் மாத்திரமோ காரணம்? தளர்ந்த கிளைகளுக்கு முட்டுக்கொடுத்தும், யானையும் பகையும் அணுகாது காத்தும், வறட்சியில் நீர் வார்த்தும் தலைமுறை தலைமுறையாகப் பணி செய்தோர் அதற்கு இருந்தனர்.

நம் அடியார் மரபிலும் இப்பணி தாழ்ந்ததாகக் கருதப்படவில்லை. திருப்புகலூர் முருகநாயனார் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலரையும் வெவ்வேறு கூடையிற் கொய்து மாலை தொடுத்தமையாலேயே நாயன்மார் வரிசையில் இடம்பெற்றார். வில்லிபுத்தூரிலே பெரியாழ்வார் நந்தவனக்காரர். திருவோத்தூரில் ஓர் அடியார் சிவபெருமானுக்கென்று பனைகளை நட்டு வளர்த்தார். வளர்ந்தவை யாவும் ஆண்பனையாகிக் காயாதொழிய, பிற சமயத்தார் நகைத்தனர். ஞானசம்பந்தர் பாடிய பதிகத்தால் அவை குரும்பை ஈன்றன என்பது பெரிய புராணம். வடலி எவ்வினமென்று அறிவதற்குப் பாளை வருமளவும் காத்திருக்க வேண்டிய இடர் நம்மவர்க்குப் புதிதன்று. ஆதலின் அவ்வடியாரின் மனவருத்தத்தை யாழ்ப்பாணத்துச் சைவர் அறிவதுபோற் பிறர் அறியார்.

இனி, வில்வம் பறித்தற்கு விதிக்கப்பட்ட நியமங்களை நோக்குக. பொழுது பட்டபின் பறித்தலாகாது. அட்டமி, நவமி, சதுர்த்தசி, அமாவாசை, மாதப்பிறப்பு ஆகிய நாள்களிற் பறித்தலாகாது. முதனாளே எடுத்து வைத்தல் வேண்டும். ஒருமுறை சாத்திய வில்வத்தைக் கழுவி மீண்டுஞ் சாத்தலாம். இவற்றுக்குச் சொல்லப்படும் புராணக் காரணங்கள் ஒருபுறமிருக்க, விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். திங்கடோறும் ஏறக்குறைய 8 நாள்கள் மரத்திற்கு ஓய்வு கிடைக்கின்றது. பழைய இலை மீண்டும் பயன்படுவதால் பறிக்கும் அளவுங் குறைகின்றது. வில்வம் விரைந்து வளரும் மரமன்று. நித்தமும் அருச்சனைக்கு ஒடிக்கப்படும் சிறுமரம் பிழைத்திருப்பதற்கு இத்தகைய கட்டுப்பாடு இன்றியமையாதது.

மரம் வளர்த்தற்கு வடமொழியிலே தனி நூல்களும் எழுந்தன. கி.பி. 6 ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகற்சங்கிதையில் விருட்சாயுர்வேதம் என ஓர் அத்தியாயம் வைத்தார். மெல்லிய மண்ணே மரத்திற்கு உகந்தது. நடுமுன் அந்நிலத்தில் எள்ளை விதைத்து, பூத்த பருவத்தில் அதனை மண்ணோடு மிதித்துவிடுதல் வேண்டும் என்கிறார். பசளைப் பயிர் இட்டு நிலம் திருத்துதல் அதுவே. மரத்துக்கு மரம் 20 முழம், ஏறக்குறைய 30 அடி, விடுதல் தலை. 16 முழம் இடை. 12 முழம் கடை. கோடையில் காலையும் மாலையும், குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், மாரியில் மண் காய்ந்தபோது மாத்திரம் நீர் விடுக என்றுங் கூறுகிறார். இலை வெளுத்தல், தளிர் வளராமை, கிளை உலர்தல், சாறு ஒழுகுதல் ஆகியன நோய்க்குறிகள். பழுதுபட்ட பகுதியைக் கருவியால் அகற்றி, வாய்விடங்கமும் நெய்யும் சேறும் கலந்து பூசி, பால் கலந்த நீரை வார்த்தல் மருந்து. இல்லத்தோட்டத்தில் முதற்கண் நடவேண்டிய மங்கல மரங்களுள் வேம்பை முன்வைத்துள்ளார்.

இதே பெயருடைய சுரபாலரின் நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்து, ஒக்சுபோட்டு நகரத்துப் போடிலியன் நூலகத்து ஏட்டின்வழி 1996 ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. 325 சுலோகங்கள் கொண்டது. அதிற் புகழ்பெற்றது குணபநீர் என்னும் ஊட்டநீர். விலங்கின் ஊனும் எலும்பும் கொழுப்பும் வேகவைத்து, எள்ளுப் பிண்ணாக்கு, உழுந்து, பால், தேன், நெய் சேர்த்துப் புளிக்க வைப்பது. சைவ நன்மக்களுக்குச் செய்முறை கூச்சந் தரலாம். எனினும் கறிவேப்பிலைக்குப் புளித்த மோரும், முருங்கைக்கு மீன் கழுவிய நீரும் ஊற்றும் நம் இல்லத்தரசியர் சுரபாலரைப் படியாமலே அவர்வழி நிற்கின்றனர்.

மரத்தை வெட்ட வேண்டிய விடத்தும் முறையொன்று இருந்தது. திருவுருவம் செய்தற்கு மரம் வெட்டுமுன், இரவில் அதற்குப் பூசனை செய்து, அதில் உறையும் பூதங்களை நோக்கி, இப்பலியை ஏற்று வேறிடஞ் செல்க, எம்மைப் பொறுத்தருள்க என வேண்டுமாறு வராகமிகிரர் விதிக்கின்றார். பூதங்கள் உளவோ இலவோ, ஓரிரவு தாமதித்து இம்மரம் வேண்டுமா என்று நினைத்துப் பார்ப்பதற்கு அவ்விதி இடமளித்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே நம் பனைகள் காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் தறிக்கப்பட்டபோது எவரும் எவரிடமும் விடை கேட்டிலர்.

யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் வழக்கத்தையும் இங்கே சேர்த்து எண்ணுதல் வேண்டும். சந்நிதியிலே தலமரமாக நிற்கும் அதே பூவரசு, நம் வேலிகளிற் கதியாலாக நின்றது. அதன் குழையை வெட்டித் தோட்டத்து மண்ணிலே தாழ்த்தினர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இட்டனர். கிளுவையும் முள்முருக்கும் அவ்வாறே. முள்முருக்கந் தடியொன்றைக் கலியாண வீட்டு முற்றத்திலே கன்னிக்காலாக ஊன்றி, மாவிலையும் பட்டும் கட்டி, மங்கலப் பெண்கள் பாலும் நவதானியமும் நீரும் இட்டு வணங்குவர். சடங்கு முடிந்தபின் அத்தடி துளிர்த்து வேர்கொண்டால் அக்குடி தழைக்கும் என்பர். ஆகவே கலியாணம் முடிந்தும் அதற்கு நீர் ஊற்ற ஓர் ஆள் இருந்தார். வணக்கமும் பராமரிப்பும் ஒன்றெனச் சொல்வதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. மதிற்சுவர் எழுந்து, வேலி போய், முற்றம் சீமெந்தாகிவிட்ட வீடுகளிற் கன்னிக்கால் மண்ணிட்ட வாளியில் நிற்கின்றது. நாலாஞ்சடங்கோடு வாளியும் அப்புறப்படுத்தப்படுகின்றது.

சீமெந்தைக் குறிப்பிட்டமையால், இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றேன். அண்மைக் காலத்தில் நம் கோயில்கள் பல புதுப்பொலிவு பெற்றுள்ளன. புலம்பெயர்ந்த அன்பர்களின் பொருளுதவியால் வீதிகள் தளமிடப்படுகின்றன, மண்டபங்கள் விரிகின்றன. அத்திருப்பணிகளை வாழ்த்துகின்றேன். ஆயின் தலமரத்தின் நிலை யாது? அடிமரத்தை ஒட்டச் சீமெந்துப் பீடங் கட்டி, மேலே பளிங்கு ஓடு பதித்து, சுற்றிலும் இரும்புக் கம்பி நிறுத்திவிடுகின்றனர். கண்ணுக்கு அழகு, மரத்திற்குக் கல்லறை. யான் நன்கறிந்த ஊர்க்கோயிலொன்றில் இவ்வாறு அழகு செய்யப்பட்ட அரசு ஆறாம் ஆண்டிலே உச்சியிலிருந்து பட்டு வந்தது. தெய்வக் குற்றமோ என்று பிரசன்னம் பார்த்தனர். வேரைப் பார்த்தார் ஒருவருமிலர்.

மரத்தின் வேர்கள் பாதாளம் வரை செல்வனவென்று எண்ணுகின்றோம். உண்மையில் நீரும் ஊட்டமும் உறிஞ்சும் நுண்வேர்களிற் பெரும்பாலன மேல்மண்ணில் 1 அல்லது 2 அடி ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் விளிம்பையுங் கடந்து பரந்து கிடக்கின்றன. வேரும் சுவாசிக்கின்றது, மண்ணின் இடைவெளிகளிலுள்ள வளியே அதன் மூச்சு. மேலே தளமிட்டால் வளியும் புகாது, மழைநீரும் புகாது. சீமெந்திலிருந்து கசியும் காரம் சுண்ணக்கல்லின் மேலுள்ள நம் மண்ணின் காரத்தை மேலும் மிகுவிக்கின்றது. அடிமரத்தைச் சூழ மண்ணை உயர்த்தினாலோ, ஈரம் தங்கிப் பட்டை அழுகும். பெருமரம் தன் சேமிப்பைக் கொண்டு சில ஆண்டுகள் தாக்குப் பிடிக்குமாதலின், கேடு வெளிப்படும்போது திருப்பணிச் சபையும் மாறியிருக்கும், காரணமும் மறந்திருக்கும்.

இதனினும் சிறியவை போலத் தோன்றும் கேடுகள் உள. நேர்த்திக்கென மரத்திற் கட்டும் நூலும் மஞ்சட் டுணியும் முன்னாளிற் பருத்தியால் ஆயவை. ஒரு மாரிக்குள் உக்கி உதிர்ந்துவிடும். இன்று கட்டுவது நைலோன் கயிறு. அஃது உக்குவதில்லை. கிளை பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் இறங்குகின்றது. இலையிலே ஆக்கப்பட்ட உணவை வேருக்குக் கொண்டு செல்லும் உரியம் பட்டையின் உட்புறத்திலேயே உள்ளதாதலின், அவ்வழி நெரிபட்டு, கயிற்றுக்குக் கீழுள்ள பகுதி பட்டினி கிடக்கின்றது. பிள்ளைப்பேறு வேண்டிக் கட்டிய தொட்டில் மரத்தை நெரிப்பதைக் கட்டிய தாயும் விரும்பாள். அடிமரத்தோடு ஒட்டி ஏற்றும் நெய்விளக்கும் கர்ப்பூரமும் பட்டையைச் சுடுகின்றன. பெயர்ப்பலகைக்கும் ஒலிபெருக்கிக்கும் அறையும் ஆணிகளைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

மாற்று எளிது; பொருட்செலவும் அற்பம். அடிமரத்தைச் சுற்றிக் குறைந்தது 5 அல்லது 6 அடி வெறும் மண்ணாக விடுதல் வேண்டும். இடம் உண்டாயின் கிளை விளிம்பளவும் விடுதல் சாலச் சிறந்தது. நடந்து வலம்வரும் பாதைக்கு மணல் போதும். மணல் வீதி நம் கோயில்களுக்குப் புதியதன்று. நல்லூரிலே அங்கப்பிரதட்டை செய்வோர் மணலில்தானே உருள்கின்றனர்! விளக்குக்கு எட்ட ஒரு கற்றூண் நாட்டலாம். நேர்த்திக்கயிறு பருத்தியாக இருத்தல் வேண்டும் என்று கோயில் வாயிலில் எழுதி வைத்து, ஆண்டுக்கொரு முறை, கொடியேற்றத்துக்கு முன், பழையன அனைத்தையும் அவிழ்த்துவிடலாம். அபிடேகநீர் கோமுகையினின்று வாய்க்கால்வழி நந்தவனத்து வாழைக்கும் செவ்வரத்தைக்கும் செல்லும் பழைய அமைப்பு பல கோயில்களில் மூடப்பட்டு, நீர் தெருக்கானுக்கு விடப்படுகின்றது. அதனை மீளத் திறந்துவிடலாம். கோபுரத்து வெடிப்பிற் காகமிட்ட விதையால் முளைக்கும் அரசையும் ஆலையும் இளமையிலேயே வேரோடு அகற்றியாதல் வேண்டும். தெய்வமரமென்று அஞ்சி விடுவோரும், அமிலம் ஊற்றிக் கருக்குவோரும் ஒருங்கே தவறு செய்கின்றனர். பெயர்த்த கன்றைக் குளக்கட்டில் நட்டால் இரண்டிற்கும் நன்று.

தலமரத்தின் வழித்தோன்றலை அது நலமாக நிற்கும்போதே வளர்த்தல் வேண்டும். வேப்பம் விதை முளைக்குந் திறனைச் சில கிழமைகளிலேயே இழந்துவிடும். பழம் உதிர்ந்தவுடன் சதையை நீக்கி விதைத்தல் வேண்டும். வில்வ விதையும் புதிதாக இருத்தல் நன்று. கொன்றையும் வன்னியும் தோல் தடித்தவை. தோலைச் சிறிது உரைஞ்சி ஓரிரவு நீரில் ஊறவைத்தால் முளைக்கும். பூவரசுக்குக் கதியால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையோடு நட்ட கன்று மார்கழிவரை தானே நிற்கும். அதன்பின் மூன்று கோடைகளுக்கு அதற்கு மனிதக் கை வேண்டும்.

நம் கல்லூரி மாணவர் இப்பணியை ஏற்பாராயின் ஒன்றை முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். கன்று நடும் விழாவுக்கு ஆட்கள் வருவர், படமும் எடுப்பர். ஆனால் கல்லூரி மூடியிருக்கும் சித்திரை விடுமுறையே வெயில் கடுமையான காலம். பள்ளிவளவுகளிற் பெரும்பாலான கன்றுகள் மடிவதும் அப்போதுதான். அந்நாள்களிலே கிணற்றடித் திறப்பு யாரிடம் இருக்கும், எந்த வகுப்பு எந்நாள் வந்து வாளி தூக்கும் என்பதை, தவணைப் பரீட்சைக்கு முன்னரே ஓர் இடாப்பில் எழுதி அதிபரிடம் ஒப்பமும் பெற்றுவிடுதல் நன்று.